ஒன்றும் சாப்பிடாதவர்களின் வயிற்றுவலி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் இன்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு எந்தக் கல்யாணப் பந்தியிலும் உங்களுக்கு நிம்மதி கிடையாது. பக்கத்து இலைக்காரர் உங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் தயிர்ப்பச்சடியை ஒதுக்கினால் அவரும் ஒதுக்குவார். அவரைப் பார்த்து வரிசை முழுக்க ஒதுக்கும். கடைசியில் பெண் வீட்டார் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். எனக்குத் தயிர்ப்பச்சடி பிடிக்காது, விஷயம் அவ்வளவுதான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் பொது சுகாதாரத் துறையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி போடாத, மருந்துச் சீட்டு எழுதாத டாக்டர். என் நாத்தனார் இன்றைக்கும் என்னை, "டாக்டர்தான், ஆனா வைத்தியம் தெரியாது" என்றுதான் மற்றவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பாள். ஓர் ஊரில் ஒரே சமயத்தில் பல பேருக்கு வயிறு கெட்டால், எதனால் கெட்டது, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவதுதான் எங்கள் பிழைப்பு. மாதிரி எடுப்பது எப்படி, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடப் போவதில்லை. சொல்லிக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. அதை நான் திருவண்ணாமலையில், என் சொந்த வயிற்றை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

பௌர்ணமி முடிந்த மறுநாளே அரசு மருத்துவமனையில் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கிரிவலம் சுற்றியவர்களில் சிலருக்குக் கால்வலி வருவது வழக்கம். இது காய்ச்சல், வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி, ஓயாத பேதி. அடி அண்ணாமலைக்காரர்கள், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள், வெளியூரிலிருந்து வந்து ஊர் திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியவர்கள் என்று எல்லா வகையிலும் ஆள் இருந்தார்கள். இரண்டாம் நாள் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தார்கள்.

காரணத்தை நாங்கள் தேட ஆரம்பிப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் கண்டுபிடித்துவிட்டது. செங்கம் ரோட்டில் மெஸ் நடத்தும் பாக்கியம் அக்கா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடி அண்ணாமலை அருகே ஒரு மேஜை போட்டுத் தயிர்சாதம் கொடுப்பார். அவருடைய வேண்டுதல் அது. அந்தத் தயிர்சாத அண்டாவின் படத்தைப் போட்டு, 'இதைச் சாப்பிட்டவர்கள்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவிட்டான். காலையில் எழுதினான், மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மெஸ்ஸுக்கு சீல் வைக்கும்படி எனக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது.

என் மேலதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர் அவரைக் கேட்கிறார், அவர் என்னைக் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும்போது எங்கேயாவது ஒரு பூட்டு தொங்கினால் எல்லோருக்கும் மனசு ஆறும். நீங்களும் இந்த போனை ஒருநாள் எடுப்பீர்கள்.

எனக்கு ஒரு விஷயம் இடித்தது. படுத்திருப்பவர்களில் தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் நிறையப் பேர்தான், மறுக்கவில்லை. ஆனால் விரதம் இருந்தவர்களும் அதே வலியோடு படுத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மலையைச் சுற்றியவர்கள். போளூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒருவர், கையில் டிரிப்ஸ் ஊசியோடு என்னைக் கண்டிப்பாகப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டீங்கன்னு மூணாவது முறையா கேக்கறீங்க. நான் ஒண்ணுமே சாப்டல டாக்டர். விரதம்னு சொன்னா விரதம்தான்."

வகுப்பில் எழுந்து நிற்கும் மாணவியைப் போல நான் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அங்கேயும் விரதம். ஒன்றும் சாப்பிடாதவர்களுக்கு எப்படி வயிறு கெடும்? தயிர்சாதம்தான் காரணம் என்றால் இவர்களுக்கு எப்படி வந்தது? இதை மேலதிகாரியிடம் சொன்னேன். விரதம் என்று சொல்கிறவர்கள் எல்லாம் விரதம் இருக்கிறார்களா என்ன என்று கேட்டுச் சிரித்தார். நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் அந்தத் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்திருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்.

எங்கள் சுகாதார ஆய்வாளர் ஜாபர் என்னோடு வந்தார். இதே ஊரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். எந்தச் சந்தில் எந்தக் கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பேச்சு கம்மி, பேசினால் குத்தல் ஜாஸ்தி. நாங்கள் மெஸ்ஸுக்குப் போனபோது வாசலில் ஒரு கூட்டம். உள்ளே சாப்பிட ஆள் இல்லை, வேடிக்கை பார்க்க மட்டும் ஆள் இருந்தது. பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஆசைப்பட்டுக்கூட ஒன்றும் அகப்படவில்லை. பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் பயன்படுத்தினார்கள். பரிமாறுகிறவர்கள் நகம் வெட்டியிருந்தார்கள். என் நகத்தைவிட ஒட்ட வெட்டியிருந்தார்கள் என்று ஜாபர் என் காதில் சொன்னார். அங்கே சாப்பிட்டு எழுந்தவர்கள் இலையில் மிச்சம் வைத்தால் பாக்கியம் அக்கா வாசல்வரை வந்து திட்டுவார் என்று ஊரில் பெயர். அன்றைக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் கல்லா மேஜையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு நடுவழி சொன்னேன். சீல் வேண்டாம், நாங்கள் விசாரித்து முடிக்கும்வரை அவரே 'சொந்த வேலையாக விடுமுறை' என்று ஒரு போர்டு எழுதித் தொங்கவிடட்டும். பெரிய தந்திரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானா சாத்தினா, தப்பு பண்ணினவ ஓடிட்டான்னுதான் பேசுவாங்க. நீங்களா சீல் வெச்சிட்டு அப்புறம் தொறந்து குடுத்தா மட்டும் மனுஷன் வருவானா டாக்டரம்மா? ஈதான் வரும். நான் சாத்தமாட்டேன். என் கையில தப்பு இருக்குனு காட்டுங்க, சாத்தறேன்."

பிறகு வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "மொதல்ல நீங்க உக்காந்து ரெண்டு இட்லி சாப்டுங்க. அதுக்கப்புறம் பேசலாம்" என்றார்.

இந்த இடத்தில் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். விசாரணைக்குப் போன இடத்தில் டீகூடக் குடிக்கக் கூடாது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அத்தனை போன்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் சாப்பிடாமல் திரும்பினால் அந்தப் படமே அவருக்கு சீல். அதோடு உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் அலைந்ததில் கொலைப்பசி. உட்கார்ந்தேன். ஆவி பறக்க இட்லி வந்தது. சாப்பிட்டேன். சமையலறை சுத்தமாக இருக்கிறது, விசாரணை முடிய அவகாசம் வேண்டும் என்று மேலதிகாரிக்குச் சொல்லி ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பாக்கியம் அக்காவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். மத்தியானத்துக்குள் வயிற்றை முறுக்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் விவரிக்கவேண்டாம், நீங்களும் இதே துறைதானே.

மாவட்டத்து டாக்டர் பாக்கியம் மெஸ்ஸில் சாப்பிட்டு விழுந்துவிட்டார். இதைவிடப் பெரிய அத்தாட்சி எவனுக்கு வேண்டும்? வாட்ஸ்அப்பில் நான் இட்லி சாப்பிடும் படமும், அதற்குக் கீழே என் உடல்நலத்துக்காகப் பிரார்த்தனைகளும் சுற்றின. மேலதிகாரி போனில் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா. ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு. சாயந்திரம் சீல் வெச்சிடறோம்" என்றார். காப்பாற்றப் போன நானே அந்த அம்மாவின் கழுத்தில் கயிறு மாட்டிவிட்டேன். கட்டிலில் சுருண்டு படுத்து அழுதேன். வயிற்றுவலியால் அழுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜாபர் வந்தார். நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் தயாரித்துக்கொடுத்த அதே கேள்விகளை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். நோயாளி என்றால் எல்லோரும் நோயாளிதான் மேடம் என்றார்.

மெஸ்ஸில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இட்லி, சாம்பார் என்றேன். வேறு? வேறு ஒன்றும் இல்லை. நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. வேறு எதுவும் சாப்பிடவில்லை என்று, அந்தத் தலைமையாசிரியை என்னிடம் பேசிய அதே குரலில் அவரிடம் சொன்னேன்.

ஜாபர் தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஊரெல்லாம் சுற்றிய அந்த வீடியோ. அதில் நான் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு எதிலோ புரட்டி விழுங்குகிறேன். பரிமாறுகிறவர் வந்து ஒரு கரண்டி ஊற்றுகிறார். அதை வழித்து முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று கையால் ஜாடை காட்டுகிறேன். மறுபடியும் ஊற்றுகிறார். அதையும் வழிக்கிறேன்.

"அந்தப் பச்சையா இருக்கறது இன்னா மேடம்?"

கொத்தமல்லிச் சட்னி. பாக்கியம் அக்கா அதை வதக்கமாட்டார். வதக்கினால் நிறம் போய்விடும் என்று தழையைப் பச்சையாகவே அரைப்பார். அந்தச் சட்னிக்காகவே ஆள் வரும். இரண்டு தரம் கேட்டு வாங்கி வழித்துத் தின்றவள், 'வேறு ஒன்றும் சாப்பிடவில்லை' என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை. இட்லி சாப்பிட்டேன் என்று சொன்னால் சட்னி அதற்குள்ளேயே அடக்கம் என்று நினைத்துவிட்டேன். நம்மில் யார்தான் சட்னியைத் தனியாகச் சொல்கிறோம்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதல் மேலதிகாரி ஒரு பேச்சு சொல்வார். ஜனங்கள் பொய் சொல்லமாட்டார்கள், நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார்கள், பிசகு எப்போதும் கேள்வியில்தான் இருக்கும் என்பார். அப்போது அது எனக்கு மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. காய்ச்சலோடு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. விரதக்காரர்களிடம் நாங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டோம். அவர்கள் கணக்கில் சாப்பாடு என்றால் சோறு, டிபன். ஜாபரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காதீர்கள், வழியில் எங்கெங்கே உட்கார்ந்தீர்கள், உட்கார்ந்த இடத்தில் கையில் என்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள் என்றேன்.

ஜாபர் அங்கிருந்து போன் செய்தார். மோர். விரதக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நீர்மோர் குடித்திருக்கிறார்கள். சிலர் பந்தலுக்குப் பந்தல் நின்று குடித்திருக்கிறார்கள். மோர் குடித்தால் விரதம் முறியாது, ஆகவே அது சாப்பாடும் ஆகாது. தலைமையாசிரியையும் குடித்தாராமா என்று கேட்டேன்.

"குடிச்சாங்களாம் மேடம். அது சாப்பாடு இல்லனு எனக்கு பாடம் எடுத்தாங்க."

மோர் கொடுத்தது ஒரு பந்தல் இல்லை. ஊருக்குள்ளும் அடி அண்ணாமலையிலுமாக வேறு வேறு ஆட்கள் போட்ட பந்தல்கள். தயிர் வேறு வேறு வீட்டுத் தயிர். தண்ணீரும் வேறு வேறு. என் சட்னியில் தயிரே இல்லை. மோரில் பொடியாக நறுக்கிப் போட்டது, தயிர்சாதத்தின் மேல் தூவியது, என் சட்னியில் அரைத்தது என்று பார்த்தால், எல்லாவற்றிலும் சமைக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். கொத்தமல்லி.

அதைக் கண்டுபிடித்ததும் வயிற்றுவலியிலும் எனக்கு ஒரு துள்ளல். கொத்தமல்லியை எங்கே வாங்கினார்கள் என்று பந்தல்காரர்களிடம் கேட்கச் சொன்னேன். ஒரே கடை என்று பதில் வந்தால் முடிந்தது வேலை. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்டர் டைப் ஆகியிருக்கும்.

ஜாபர் ஒவ்வொருவராகக் கேட்டார். கொத்தமல்லி நாங்கள் வாங்கவில்லை என்றார் முதல் ஆள். அடுத்தவரும் வாங்கவில்லை என்றார். பாக்கியம் அக்காவிடம் கேட்டால் அவரும் வாங்கவில்லை. எல்லோருடைய அண்டாவிலும் கொத்தமல்லி இருந்தது, ஒருவரும் வாங்கவில்லை! எனக்குத் தலை சுற்றியது. அது காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம்.

இப்போது என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்கியில் எப்படியோ தெரியாது, காய்கறி மார்க்கெட்டில் அவர் மகா சாமர்த்தியசாலி. காய் வாங்கிவிட்டுக் கொசுறாகக் கொத்தமல்லி, கறிவேப்பிலை வாங்காமல் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் போனில் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே அடுப்படி வாசலில் நின்றார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. தொண்டையைச் செருமினார். வீட்டில் அவர் தொண்டையைச் செருமினால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"கொத்தமல்லிய யாரும் வாங்கமாட்டாங்கம்மா. சும்மா குடுப்பாங்க" என்றார்.

பிறகு மெதுவாக மற்றதும் வந்தது. மார்க்கெட் வாசலில் செல்வி என்று ஒரு பெண், தன் நிலத்தில் விளைந்த பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கொண்டுவந்து விற்பாராம். மற்ற நாளில் மிளகாய் வாங்கினால் ஒரு கொத்துத் தழை கொசுறு. பௌர்ணமிக்கு முதல் நாள் மட்டும், மோர்ப் பந்தலுக்கோ அன்னதானத்துக்கோ என்று சொல்லி மிளகாய், இஞ்சி வாங்குகிறவர்களுக்குக் கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாகச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவாராம். தர்மத்துக்குப் போகிற தழைக்குக் காசு வாங்குவதில்லை என்று அவருக்கு ஒரு நோன்பு. பந்தல்காரர்கள் வாங்கவில்லை என்று சொன்னது சத்தியமான பேச்சு. கொசுறை யாராவது வாங்கியதாகச் சொல்வார்களா?

"சரி, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் விட்டத்தைப் பார்த்தார். "நானும் மோர்ப் பந்தல் போடறேன்னு சொன்னேன்" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனுஷன், ஒரு கட்டுத் தழைக்காக அண்ணாமலையாருக்கே மோர்ப் பந்தல் போடுவதாகப் பொய் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டு எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஈரத்துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பௌர்ணமியிலிருந்து நான் தினம் ராத்திரி மோரில் அதைத்தான் கிள்ளிப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மோரே தொடமாட்டார், ஆகவே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பொய் சொன்னவர் கல்லுக்குண்டு மாதிரி நின்றார். அவரைக் கட்டிக்கொண்ட நான் சுருண்டு கிடந்தேன்.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எனக்கு நோய் வந்தது மெஸ் சட்னியிலா, என் வீட்டு மோரிலா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஊரே அத்தாட்சி என்று சொன்ன என் வயிறு எதற்கும் அத்தாட்சி இல்லை. மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டேன்.

"பாக்கியம் மெஸ்ஸுக்கு சீல் வெக்கறதுனா வைங்க சார். ஆனா மொதல்ல என் வீட்டு அடுப்படிக்கு வெச்சிட்டுப் போங்க. அதே தழை என் பிரிட்ஜிலயும் இருக்கு."

 முழுவதும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பரிசோதனை முடிவு வராமல் ஒரு தழையின் மேல் பழி போடலாமா என்று கேட்டார். சரியான கேள்வி, அதற்காக அவரை இப்போதும் மதிக்கிறேன். செல்வி தினமும் மார்க்கெட்டுக்கு வருகிறார், தினமும் கொசுறு போய்க்கொண்டிருக்கிறது. மெஸ்ஸைப் பூட்டினாலும் ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கும். தழையை இன்றைக்கு நிறுத்தி, நாம் நினைத்தது தப்பு என்று தெரிந்தால் நாளைக்கு மறுபடி விற்கச் சொல்லலாம். ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர் கெட்டால் அப்படித் திரும்பாது. ஆகவே முடிவு வரும்வரை காத்திருக்காமல் தழையை நிறுத்துவோம், யார் பெயரையும் வெளியே சொல்லவேண்டாம் என்றேன். ஆர்டரைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். கிழித்தாரோ, மேஜைக்குள் வைத்தாரோ, சீல் வைக்க யாரும் போகவில்லை. பச்சைக் கொத்தமல்லியை வேகவைக்காமல் சாப்பிடவேண்டாம் என்று அன்றைக்கே ஊர் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள்.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் ஜாபரோடு செல்வியின் நிலத்துக்குப் போனேன். அடி அண்ணாமலையின் ஓரத்தில் சின்ன நிலம். கட்டுகள் வாடாமல் இருக்க ஒரு தொட்டியில் முக்கி எடுத்துத்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள ஓடையில், யாரோ ஒரு தனியார் கழிவுநீர் லாரிக்காரன் ஆள் இல்லாத நேரம் பார்த்து விடுதிகளின் செப்டிக் டேங்க் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். அது ஊறிக் கிணற்றுக்கு வந்திருக்கிறது. பின்னால் பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது. நோயாளிகளிடம் இருந்த அதே சால்மொனெல்லா கிருமி தொட்டியிலும் இருந்தது.

"நான் காசுகூட வாங்கலியே மேடம்" என்றார் செல்வி. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.  நீங்கள் தப்பு செய்யவில்லை, உங்கள் கிணற்றுக்குத் தப்பு செய்துவிட்டார்கள் என்று சொன்னேன். நின்ற பயிரை அவரே ஏர் ஓட்டி மண்ணோடு மடக்கிவிட்டார். லாரிக்காரனைப் பிடிக்கும்வரை ஜாபர் விடவில்லை, அது தனிக் கதை.

மெஸ் பிழைத்தது. தழைதான் காரணம் என்று ஊருக்குத் தெரிந்ததும், படம் போட்ட புண்ணியவானே 'பாக்கியம் மெஸ் பாதுகாப்பானது, எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று இன்னொன்று போட்டான். கடையில் மறுபடியும் இலை விழ ஆரம்பித்தது. நல்ல செய்தியை நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று நான் போனேன். பாராட்டை வாங்கிக்கொள்ளவும்தான். இந்த வேலையில் பாராட்டு எப்போதாவதுதான் கிடைக்கும்.

நான் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். கிணறு, தொட்டி, தழை எல்லாம் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ என் தயிர்சாதத்துலயும் அது இருந்துச்சா?"

 இல்லை, மோரில் மட்டும்தான் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம்? அவர் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்ல முடியவில்லை.

"இருந்துச்சுக்கா. உங்களுக்குத் தெரிய வழியே இல்ல" என்றேன்.

 சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துபோகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு ஆட்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார். ஊரே திரண்டு, மேலதிகாரி ஆர்டர் டைப் செய்து, நான் கெஞ்சியும் சாத்தாத கடை அது. யாரும் சாத்தச் சொல்லாதபோது அவராகவே சாத்தினார். என்னையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

தயிர்சாதம் சாப்பிட்டவர்களில் அடி அண்ணாமலைப் பெரியவர் ஒருவர் மட்டும் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தார். பாக்கியம் அக்கா அவர் கட்டிலின் அருகே போய் நின்றார். 

"என் சோத்துலதான் வந்துச்சாம் ஐயா" என்றார். "டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அதான் தெரியுமே. வார்டு பூரா இதே பேச்சுதான்" என்றார். மெதுவாகப் புரண்டு படுத்தார். "வர்ற பௌர்ணமிக்குப் போடுவியா, நிறுத்திடுவியா?"

பாக்கியம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வேறு பக்கம் திரும்பி, எனக்குச் சம்பந்தமே இல்லாத டிரிப்ஸ் பாட்டிலைச் சரிபார்ப்பது போல நின்றேன். போடுகிறேன், ஆனால் இனிமேல் தழை மட்டும் தூவமாட்டேன் என்று அழுகைக்கு நடுவில் சொன்னார்.

"தழை போனா போவுது" என்றார் பெரியவர். "ஊறுகா ஜாஸ்தியா வெய்யி."